அபினேஷ் பேருக்கு ஒரு குரல்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்கண்ணே, எனக்குக் காத்து ஒத்துக்காது. பை மடியிலயே இருக்கட்டும், பரவால்ல. திருச்சிதானே போறீங்க? அப்பாடா. காலையில வர்றப்ப பக்கத்துல ஒருத்தர் உக்காந்தாரு. ஏறின உடனே துண்டைத் தலையில போட்டவருதான், அறந்தாங்கி வர்ற வரைக்கும் எடுக்கல. அவ்வளவு தூரம் ஒரு வார்த்தை பேசாம வர்றது எனக்கு ஆகாது. நீங்க பேச வேண்டாம், சும்மா கேட்டா போதும்.

என் பேரு மணிபாரதி. ஊரு துறையூர் பக்கம். திருச்சியில பி.காம் ரெண்டாவது வருஷம். எந்தக் காலேஜுன்னு கேக்காதீங்க, அதைச் சொன்னா அதுக்குத் தனியா ஒரு என்கொயரி வைப்பாங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை, காலேஜ் இருக்குமே, இவன் எப்படிப் பஸ்ல சுத்துறான்னு நினைப்பீங்க. நான் சஸ்பெண்டு. அட, நகந்து உக்காராதீங்க, நான் யாரையும் அடிக்கல, கஞ்சா கிஞ்சா ஒண்ணும் கிடையாது. ஒரு பையனுக்கு உதவி பண்ணேன். உதவி பண்ணவனைத்தான் வெளியில நிக்க வச்சிருக்காங்க.

ப்ராக்ஸின்னா தெரியுமாண்ணே? அட்டெண்டன்ஸ் எடுக்குறப்ப வராதவன் பேருக்கு வந்தவன் ஒருத்தன் ‘பிரசன்ட்’னு குரல் குடுக்குறது. அவ்வளவுதான். உங்க காலத்துலயும் இருந்திருக்கும். ஆனா இப்ப அதுக்கு மதிப்பு ஜாஸ்தி. ஏன்னா மேடம் போன்லயே டிக் பண்றாங்க. முதல் பீரியட்ல ஆப்சென்ட் விழுந்துச்சுன்னா பதினோரு மணிக்குள்ள வீட்டுக்கு மெசேஜ் போயிரும். ‘தங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை.’ சாயங்காலம் வரைக்கும் பையன் எங்க சுத்தினாலும் காலேஜுக்குக் கவலை இல்ல. முதல் பீரியட்ல குரல் கேட்டாப் போதும்.

சும்மா ‘பிரசன்ட்’னு கத்துறவன் நிறைய பேரு இருக்கான். நான் அப்படி இல்ல. எனக்குக் குரல் வரும். தௌபீக்னு ஒருத்தன், அவனுக்கு வருஷம் பூரா ஜலதோஷம், மூக்கால பேசுவான். அதே மூக்கு எனக்கு வரும். இன்னொருத்தன் ‘மேம்’முங்குறதை இழுப்பான், நானும் இழுப்பேன். பேனாவைக் கீழ போட்டுட்டுக் குனிஞ்சு சொல்லணும். அவன் வழக்கமா உக்காருற பக்கமா மூஞ்சியைத் திருப்பிக்கணும். சொல்லிட்டு உடனே நிமிரக் கூடாது. இதெல்லாம் யாரும் சொல்லிக் குடுக்கல, நானாக் கத்துக்கிட்டது.

முதல் வருஷம் எனக்கு ஒருத்தனும் கிடையாதுண்ணே. மிகைப்படுத்திச் சொல்லல. கேன்டீன்ல டீயை வாங்கிட்டு, எந்தக் கூட்டத்துக்குப் பக்கத்துல நின்னா அந்தக் கூட்டத்து ஆள் மாதிரித் தெரியும்னு பாத்துப் பாத்து நிப்பேன். யாராவது ஜோக் சொன்னா நானும் சேந்து சிரிப்பேன். ஒருத்தன் திரும்பிப் பாத்து, ‘நீ எந்த டிபார்ட்மென்ட்?’னு கேட்டான். என் கிளாஸ்தான் அவன். அஞ்சு மாசமா ஒரே கிளாஸ்.

அப்புறம் ஒரு நாள் தௌபீக் வரல. அவன் பேரைக் கூப்பிட்டாங்க. கிளாஸ் அமைதியா இருந்துச்சு. எனக்கு என்ன தோணுச்சோ, மூக்கால ஒரு ‘பிரசன்ட் மேம்’. பின்னாடி ரெண்டு பெஞ்சும் டெஸ்க்குக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சிரிச்சுது. மறுநாள் தௌபீக் வந்து தோள்ல கை போட்டான். ‘நீதானாமே? செம மச்சி.’ அந்த ‘மச்சி’ இருக்கே, அதுக்கு முன்னாடி என்னை யாரும் சொன்னதில்ல.

அதுக்கப்புறம் காலையில எந்திரிச்சா போன்ல பத்துப் பதினஞ்சு மெசேஜ் கிடக்கும். ‘மச்சி இன்னைக்குப் போட்டுரு.’ ‘மாமே மறந்துராத.’ எனக்கு வர்ற மாதிரி யாருக்கும் வந்திருக்காது. அத்தனை பிரெண்ட்ஸ். நீங்க பாக்கணும், இருங்க காட்டுறேன்... இல்ல, அந்தக் குரூப்ல இருந்துதான் என்னை எடுத்துட்டாங்களே. பழசெல்லாம் போன் மாத்தினப்ப போச்சு. சரி விடுங்க.

இதுல ஒரு வேடிக்கை சொல்லவா? வேல்யூ எஜுகேஷன்னு ஒரு பேப்பர் உண்டு எங்களுக்கு. ஒழுக்கம், நேர்மை, சமூகப் பொறுப்பு, எல்லாம் அதுல வரும். ரெண்டு செக்‌ஷனையும் சேத்து செமினார் ஹால்ல உக்கார வச்சு நடத்துவாங்க. நூறு பேருக்கு மேல. அதைவிட ப்ராக்ஸிக்கு வசதியான கிளாஸ் எங்கயும் கிடையாது. அந்தப் பேப்பர்ல கிளாஸ் ஃபர்ஸ்ட் யாருங்குறீங்க? நான்தான். ‘நல்ல நண்பனின் இலக்கணம்’னு ஒரு கேள்வி, நாலு பக்கம் எழுதுனேன். ஹெலன் மேடம் என் பேப்பரைக் கிளாஸ்ல படிச்சே காட்டுனாங்க.

அபினேஷுக்கு வர்றேன். அவன் என் பக்கத்து பெஞ்சு. ஊரு இதோ, நாம ஏறினோமே அறந்தாங்கி, அதுக்கு உள்ள ஒரு கிராமம். அப்பா கொத்தனார். இதெல்லாம் எனக்கே இப்பத்தான் தெரியும். அப்ப எனக்கு அவன் அபினேஷ், அவ்வளவுதான். பெஸ்ட் பிரெண்ட். ஆளு அதிகம் பேச மாட்டான், நான் பேசுறதைக் கேப்பான். அந்த மாதிரி ஒருத்தன் கிடைக்கிறது கஷ்டம்ணே.

பள்ளிக்கூடத்துல அவன்தான் முதல் மார்க்காம். தமிழ் மீடியம். இங்க வந்து எல்லாம் இங்கிலீஷ். முதல் செமஸ்டர்ல ஒண்ணு போச்சு, அடுத்ததுல மூணு போச்சு. எங்களுக்கு எல்லாம் அரியர்னா சிரிச்சுட்டுப் போயிருவோம். அவன் ரிசல்ட்டைப் பாத்துட்டு போனை அணைச்சு பாக்கெட்டுல வச்சான். வீட்டுல எல்லாம் பாஸ்னு சொல்லிட்டான். அவங்கப்பா சைட்டுல எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தாராம்.

அப்புறம் செமினார்னு ஒண்ணு வந்துச்சு. ஆளாளுக்கு மேடையில ஏறி இங்கிலீஷ்ல அஞ்சு நிமிஷம் பேசணும். அபினேஷ் போய் நின்னான். ‘குட் மார்னிங் டு... டு... டு’ன்னு அங்கயே நின்னுட்டான். எவ்வளவு நேரம் நின்னான்னு தெரியல. மேடம் ‘சரி, போய் உக்காரு’ன்னாங்க. அன்னைக்குச் சாப்பாட்டு நேரத்துல நான் அதை அப்படியே பண்ணிக் காட்டினேன். அந்த ‘டு டு டு’. தௌபீக் உருண்டு உருண்டு சிரிச்சான். இன்னொரு தடவ, இன்னொரு தடவன்னு கேட்டு நாலு தடவ பண்ண வச்சானுங்க. அபினேஷும்தான் சிரிச்சான், நான் அவனைப் பாத்துட்டுத்தான் பண்ணேன். அவன் மனசு கஷ்டப்பட்டா நான் பண்ணியிருக்க மாட்டேன். அன்னைக்குத்தான் அவன் குரல் எனக்குச் சரியாப் பிடிபட்டுச்சு.

மறுநாள் அவன் வரல. அதுக்கு அடுத்த நாளும் வரல. பேரைக் கூப்பிட்டாங்க, நான் போட்டேன். அவன் கேட்டானான்னா கேக்கல. பிரெண்டுன்னா கேட்டுத்தான் செய்யணுமா? எனக்கு அது பெருமையாவே இருந்துச்சு. மத்தவனெல்லாம் மெசேஜ் போட்டுக் கெஞ்சுவான், இவனுக்கு நானாப் போடுறேன்.

ஒரு வாரம் கழிச்சு சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். காலேஜ் பையோடத்தான் நிக்கிறான், குளிச்சு, தலை சீவி, ஐ.டி. கார்டெல்லாம் போட்டுக்கிட்டு. காலேஜ் பஸ் வர்ற பக்கம் இல்ல, எதிர்ப்பக்கம். நான் ஓடிப் போய் முதுகுல தட்டுனேன்.

‘டேய், என் பேருக்கு யாருடா பிரசன்ட் சொல்றது?’ன்னான்.

‘அய்யாதான்’னேன்.

‘எதுக்குடா?’ன்னான். அப்புறம் அவன் சொல்றான்: ‘வேணாம் மணி. போடாத. ஆப்சென்ட் விழட்டும். வீட்டுக்கு மெசேஜ் போகட்டும்.’

‘பைத்தியமாடா உனக்கு? மெசேஜ் போனா உங்கப்பா போன் பண்ணுவாருடா’ன்னேன்.

‘பண்ணட்டும்’னான். பண்ணட்டும்னு சொல்லிட்டுத் தரையைப் பாத்துக்கிட்டே நிக்கிறான். எனக்குக் கண்ணே கலங்கிருச்சுண்ணே. பாருங்க, நான் மாட்டிக்கக் கூடாதுன்னு எவ்வளவு யோசிக்கிறான். எனக்குக் கஷ்டம் வரக் கூடாதுன்னு தனக்கு ஆப்சென்ட் விழட்டுங்குறான். யாரு சொல்லுவா அப்படி? தௌபீக் சொல்லுவானா? நான் அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘நான் இருக்குற வரைக்கும் உனக்கு ஒரு ஆப்சென்ட் விழாதுடா’ன்னு சொன்னேன். பஸ் வந்துச்சு, ஏறிட்டான். யாரோ பொண்ணைப் பாக்கப் போறான்னு நினைச்சேன். நான் கேக்கல. அடுத்தவன் பர்சனல்ல தலையிடுறது எனக்குப் பிடிக்காது.

இது புதுக்கோட்டையா? வந்துருச்சா அதுக்குள்ள. இறங்கி டீ குடிக்கிறீங்களா? வேணாமா. சரி, நானும் குடிக்கல. இறங்கினா சீட்டு போயிரும்.

மூணு வாரம் போட்டேன். ஒரு நாள் விடல. எனக்குக் காய்ச்சல் அடிச்சப்பக்கூட முதல் பீரியட்டுக்குப் போய் அவன் பேருக்குச் சொல்லிட்டுத்தான் ரூமுக்குத் திரும்பினேன். கேக்குறவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா? என்னை விசாரிக்கப் போற கமிட்டியில இருக்குறவங்களுக்குத் தெரியுமா?

அந்த நாளைச் சொல்றேன். வேல்யூ எஜுகேஷன். அன்னைக்கு டாபிக் ‘நேர மேலாண்மை’. ஹெலன் மேடம் பேரு கூப்பிட்டுட்டு இருக்காங்க. நான் குனிஞ்சு உக்காந்திருக்கேன், அன்னைக்கு எனக்கு ஆறு பேரு வேலை. ‘அபினேஷ்.’ நான் பேனாவைக் கீழ போட்டு, சுவத்துப் பக்கம் திரும்பி, ‘பிரசன்ட் மேம்.’ சுத்தமா வந்துச்சு. எனக்கே தெரிஞ்சுது நல்லா வந்துச்சுன்னு.

வாசல்ல இருந்து ஒரு குரல். ‘அய்யா, சாமி!’

வெள்ளைச் சட்டை, கைலியில்ல, வேட்டி. செருப்பை வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு ஒரு மனுஷன் உள்ள வர்றாரு. பக்கத்துல ஆபீஸ் பியூன். அந்த ஆளு மூஞ்சியில அப்படி ஒரு சிரிப்புண்ணே. மேடத்தைப் பாத்துக் கும்பிட்டு, ‘எம் புள்ளைதாம்மா, இப்பப் பேசுனானே, எங்கம்மா உக்காந்திருக்கான்?’னு கேக்குறாரு. ரெண்டு நாளா அவன் போன் அணைஞ்சே கிடந்திருக்கு. இவரு காலேஜ் ஆபீசுக்குப் போன் பண்ணியிருக்காரு. ஆபீஸ்ல பாத்துட்டு, ‘இன்னைக்குக் காலையிலகூட கிளாஸ்ல இருக்கானேங்க’ன்னு சொல்லியிருக்காங்க. அப்பவும் மனசு கேக்காம நேர்ல வந்துட்டாரு. ஆபீஸ்ல திரும்பவும் அதையே சொல்லி, போய்ப் பாருங்கன்னு பியூனைக் கூட அனுப்பியிருக்காங்க.

பெஞ்சு பெஞ்சாப் பாத்துக்கிட்டே வர்றாரு. ஒவ்வொரு மூஞ்சியா. கிளாஸ் பூரா என்னைப் பாக்குது. நூறு பேரும் என்னைப் பாத்தா அவரும் என்னைத்தானே பாப்பாரு. என் முன்னாடி வந்து நின்னாரு. நான் எந்திரிச்சு, ‘குட் மார்னிங் அங்கிள்’னேன். என் குரல்ல.

அவரு சிரிப்பு உடனே போகல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் சிரிச்ச மாதிரியே என் பக்கத்துல, பெஞ்சுக்கு அடியில எல்லாம் பாத்தாரு. விளையாட்டுக்கு ஒளிஞ்சிருக்கானோன்னு நினைச்சிருப்பாரு போல. அப்புறம் மேடத்தைத் திரும்பிப் பாத்து, ‘அப்ப எம் புள்ள எங்கம்மா?’ன்னாரு. அங்கயே படியில உக்காந்துட்டாரு.

பயப்படாதீங்க, பையனுக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்குச் சாயங்காலமே கிடைச்சுட்டான். எங்க இருந்தான்னு நினைக்கிறீங்க? கவர்மென்ட் ஆஸ்பத்திரியில. நோயாளியா இல்ல. சும்மா. தினம் காலையில போய் அங்க வெளியில நோயாளிங்களோட ஆளுங்க உக்காந்திருப்பாங்கல்ல, அங்க உக்காந்துக்கிட்டு சாயங்காலம் ரூமுக்குப் போயிருவானாம். ஆஸ்பத்திரியில உக்காந்திருக்கிறவனை யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கல்ல. அங்க மணப்பாறை பக்கத்து அம்மா ஒண்ணு, வீட்டுக்காரருக்குக் கால் எடுத்துட்டாங்கன்னு ஒரு மாசமா அங்கயே கிடக்குது. அது தனக்கு வாங்குற சோத்துல இவனுக்கும் குடுத்திருக்கு. அன்னைக்கு, ‘உன் ஆளு எந்த வார்டுலப்பா இருக்காரு, தினம் பாக்குறேன், ஒரு நாளும் உள்ள போக மாட்டேங்குற’ன்னு கேட்டிருக்கு. இவன் உடனே அழ ஆரம்பிச்சுட்டானாம். அந்தம்மாதான் இவன் போனை வாங்கி, ஆன் பண்ணி, ‘அப்பா’ன்னு இருந்த நம்பரை அமுக்கியிருக்கு.

சரி, கிடைச்சுட்டான்ல? அதோட முடிஞ்சுதுன்னு விடணும்ல? விடல. என்கொயரி. யாரு மேல? என் மேல. தௌபீக்கைக் கூப்பிட்டுக் கேட்டிருக்காங்க. ‘நாங்க யாரும் கேட்டதில்ல சார், அவனா விளையாட்டுக்குப் பண்ணுவான்’னுட்டான். கிளாஸே அதைத்தான் சொல்லுச்சு. குரூப்ல இருந்து எடுத்துட்டானுங்க, சேஃப்டிக்காம். நான் ஒருத்தன் பேரையும் சொல்லலண்ணே. எத்தனை பேருக்குப் போட்டேன்னு எனக்குத் தெரியும், சொல்லல. சொன்னா திரும்பி வந்ததுக்கப்புறம் யாரு என்கிட்ட பேசுவா?

வர்ற திங்கக்கிழமை கமிட்டி உக்காருது. ‘காணாமப் போன மாணவனை வேணும்னே மறைச்சான்’னு எழுதியிருக்காங்க. அப்படியே நின்னா டி.சி.யைக் குடுத்து அனுப்பிருவாங்க. ஆனா அபினேஷ் வந்து, ‘நான்தான் சார் போடச் சொன்னேன்’னு ஒரு வார்த்தை சொல்லிட்டா, அது சாதாரண ப்ராக்ஸி கேஸு. மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு உள்ள போயிரலாம். ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேக்கத்தான் இன்னைக்கு இவ்வளவு தூரம் வந்தது.

வீட்டுலயா? வீட்டுல சொல்லலண்ணே. எதுக்கு? எங்கப்பா ஸ்கூல்ல ஆபீஸ் அசிஸ்டென்ட், டீச்சருங்க எல்லார்கிட்டயும், ‘எம் பையன் ஒரு நாள் லீவு போட்டதில்ல’ன்னு பெருமை பேசிட்டுத் திரியிற மனுஷன். அவருக்கு இதைத் தாங்க முடியாது. தினம் காலையில வழக்கம் போலக் குளிச்சு, பையை மாட்டிட்டுக் கிளம்பிருவேன், ரூம் ஓனர் பாப்பாருல்ல. ஜங்ஷன்ல போய் உக்காந்துக்குவேன். ரயிலுக்குக் காத்திருக்கிறவன்னு நினைச்சுக்குவாங்க, ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சாயங்காலம் வந்துருவேன். இல்லண்ணே, அபினேஷ் கதை வேற, என் கதை வேற. அவன் சொல்லாமக் கொள்ளாமப் போனவன். எனக்கு இது கொஞ்ச நாளைக்குத்தான்.

ஊருக்குள்ள போய் விசாரிச்சேன். அப்பாவும் புள்ளையும் வேலைக்குப் போயிருக்காங்கன்னு அவங்கம்மா சொன்னாங்க. பக்கத்துலதான், புதுசா ஒரு வீடு கட்டுறாங்க, அங்க. போய்ப் பாத்தா அபினேஷ் சுவத்துக்குத் தண்ணி அடிச்சிட்டு இருக்கான். முடியை ஒட்ட வெட்டியிருக்கான். காலெல்லாம் சிமென்ட். என்னைப் பாத்தான். ஹோஸைக் கீழ போடல, அடிச்சுக்கிட்டே இருந்தான். அவங்கப்பா சாரத்து மேல நின்னு பூசிட்டு இருந்தாரு. அவரும் பாத்தாரு. இறங்கி வந்து, ஒரு சிமென்ட் சட்டியைத் தட்டிக் கவுத்துப் போட்டு, ‘உக்காரு தம்பி’ன்னாரு. டீ வரவழைச்சுக் குடுத்தாரு. என்னைத் திட்டுவாருன்னுதான் நினைச்சுப் போனேன்.

அவரு மேல ஏறினதும் நான் விஷயத்தைச் சொன்னேன். கமிட்டி, திங்கக்கிழமை, டி.சி., எல்லாம். ‘நீ வந்து நான்தான் போடச் சொன்னேன்னு மட்டும் சொல்லுடா’ன்னேன்.

‘நான் சொன்னேன்னு சொல்லணுமா?’ன்னான்.

‘ஆமாடா.’

‘சரி’ன்னான்.

அவ்வளவுதாண்ணே! சரின்னுட்டான்! நான் காலையில இருந்து பஸ்ல எத்தனை விதமாக் கெஞ்சிப் பாத்துக்கிட்டு வந்தேன் தெரியுமா மனசுக்குள்ள? ஒரே வார்த்தையில சரின்னுட்டான். அதான் பிரெண்டு. நான் எந்திரிச்சு அவனைக் கட்டிப் பிடிக்கப் போனேன், சட்டை நனைஞ்சிரும்னு விலகிட்டான். அப்புறம் கேட்டான்: ‘மணி, ஒரு நாளாவது எங்கடா போறன்னு என்கிட்ட கேக்கணும்னு உனக்குத் தோணலையா?’

‘உன் பர்சனல்ல நான் எதுக்குடா தலையிடணும்?’னேன். உண்மையைத்தானே சொன்னேன். அதுக்கு அவன் சிரிச்சான். நல்லாத்தான் சிரிச்சான். சிரிச்சுட்டு அடுத்த சுவத்துக்குப் போயிட்டான். நான் கிளம்புறேன்னு சொன்னப்ப திரும்பாமலே கையைத் தூக்கிக் காட்டினான். வேலை மும்முரத்துல இருந்தான், பாவம்.

நீங்க என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க? அவன் கோவமா இருந்தா வர்றேன்னு சொல்லுவானா?

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவங்கப்பா கூட வந்தாரு. வேணாம்னேன், கேக்கல. நாங்க பேசினது சாரத்து மேல அவருக்குக் கேட்டிருக்கும்போல. நடந்துக்கிட்டே, ‘சாப்பிட்டியா தம்பி?’ன்னாரு. சாப்பிட்டேன்னேன். ‘மெலிஞ்சு போயிருக்கியே’ன்னாரு. அவரு என்னைப் பாத்ததே ஒரு தடவதான், மெலிஞ்சிருக்கேன்னு அவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம் கேட்டாரு: ‘உங்க வீட்டுல தெரியுமா?’

‘தெரியும் அங்கிள்’னேன்.

‘உங்கப்பா என்ன சொன்னாரு?’

‘கோவப்பட்டாரு. அப்புறம் சரியாயிட்டாரு’ன்னேன்.

அப்புறம், ‘அப்பா நம்பரைச் சொல்லு தம்பி. ஒரு வார்த்தை பேசிடுறேன். திங்கக்கிழமை அவரும் வரணும்ல, நாங்க ரெண்டு பேருமா ஒண்ணாப் போய் நிக்கிறோம். புள்ளைங்களைத் தனியா நிக்க விடக் கூடாது’ன்னாரு. போனை வேற எடுத்து வச்சுக்கிட்டாரு, அழுக்குக் கையோட.

நான் என்ன பண்றது சொல்லுங்க. குடுத்தேன். எங்கப்பா நம்பர் இல்ல. என்கிட்ட ரெண்டாவதா ஒரு பழைய போன் இருக்கு, இதோ பையில. இந்த நம்பரைத்தான் காலேஜ் சேந்தப்பவே அப்பா நம்பர்னு குடுத்தது. நிறைய பேரு அப்படித்தாண்ணே குடுப்பானுங்க, நான் மட்டும் இல்ல. என் சஸ்பென்ஷன் மெசேஜ்கூட இதுலதான் வந்துச்சு. தினம் பதினோரு மணிக்கு, ‘தங்கள் மகன் இன்று வகுப்புக்கு வரவில்லை’ன்னு வரும். நானே படிச்சு நானே அழிச்சுருவேன்.

அதான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம்னு... கீரனூர் தாண்டிட்டோமா? சீக்கிரம் சொல்லிடுறேன். திங்கக்கிழமை பெற்றோரோட வரணும்னு போட்டிருக்காங்கண்ணே. அம்மாவைக் கூட்டிட்டுப் போனா அங்கயே மயங்கி விழுந்துருவாங்க. அப்பா... வேணாம். உங்களைப் பாத்தா நல்ல மாதிரி இருக்கு. எங்கப்பா வயசும் இருக்கும். ஒரு மணி நேர வேலை. ஒண்ணும் பேச வேண்டாம், தலையை ஆட்டினாப் போதும், ஒரு கையெழுத்து. இதெல்லாம் பண்றதுண்ணே, எங்க சீனியர் ஒருத்தன் டீக்கடை மாஸ்டரையே கூட்டிட்டு வந்தான், அவரு போகும்போது எச்.ஓ.டி. கையைக் குலுக்கி அனுப்பினாரு.

ஐயோ, அடிக்குது பாருங்க. இந்தப் போன்தான். அவருதான், அபினேஷ் அப்பா. இவ்வளவு சீக்கிரம் பண்ணுவாருன்னு நினைக்கல. அண்ணே, அண்ணே, கொஞ்சம் பிடிங்க. ‘ஆமாங்க, மணிபாரதி அப்பாதான் பேசுறேன்’னு ஒரு வார்த்தை. நானே பேசிருவேன், எங்கப்பா குரல் மட்டும் எனக்கு வராதுண்ணே. எத்தனையோ தடவை ரூம்ல தனியா உக்காந்து முயற்சி பண்ணிட்டேன், வாயைத் திறந்தா வேற என்னமோ வருது. பிடிங்கண்ணே. ஏன் கையைப் பின்னால இழுக்குறீங்க? பொய்யில்லண்ணே இது, சும்மா ஒரு வார்த்தை.

நின்னுருச்சு. சரி. அப்புறமா நானே ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்குறேன். நீங்க சங்கடப்படாதீங்க, நான் தப்பா நினைக்கல.

திரும்ப அடிக்குது. எடுங்கண்ணே, தயவு பண்ணி எடுங்க. அந்த மனுஷனை உங்களுக்குத் தெரியாது. போன் எடுக்கலைன்னா சரின்னு விடுற ஆளு இல்ல அவரு. வேலையை அப்படியே போட்டுட்டு அடுத்த பஸ்ஸுல ஏறி வந்துருவாரு.